முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே அம்மா

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தெருமுனையில் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், அந்தத் தெருவிலும் அதை ஒட்டிய மூன்று தெருக்களிலுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் லாரியில் அடிபட்டுச் செத்துப்போன தங்கள் நாயை நினைத்து அழுதார்கள். முடிதிருத்தும் கடையில் பாதித் தலையோடு அழுதார்கள். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே அழுதார்கள். அவர்களில் தொண்ணூறு பேர் அந்த நாய் செத்தபோது பிறந்திருக்கவே இல்லை. அழுகை ஏழு நிமிடம் நீடித்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னபோதுதான், எல்லோருடைய நாயும் ஒரே நாய் என்று தெரியவந்தது. செம்பழுப்பு நிறம், காதில் ஒரு வெட்டு, பெயர் குண்டூசி. எந்த வீட்டு வாசலிலும் இடது கால் செருப்பை மட்டும்தான் தூக்கிக்கொண்டு ஓடும்.

நாய் உண்மையில் ஒருவருடையது. செல்போன் கடை வைத்திருக்கும் செட்டிங் அண்ணனுடையது. அவர் மட்டும் அன்றைக்கு அழவில்லை. சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு உடைந்த போன் ஒன்றின் கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றும் வேலையைத் தொடர்ந்தார்.

அவருடைய கடை ஒரு மாடிப்படிக்கு அடியில், எட்டடிக்குப் பத்தடி இடத்தில் இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, வாடிக்கையாளருக்கு ஒரு முக்காலி. புதுப் போன் வாங்கியவர்கள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே ஏதாவது போட்டு விடுங்கண்ணே" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுவார்கள். கணக்குத் திறக்கும்போது கம்பெனி மூன்று ரகசியக் கேள்விகள் கேட்கும். பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்த மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் கணக்கு திறக்கும். நீங்கள் முதலில் வளர்த்த பிராணியின் பெயர் என்ன? உங்கள் முதல் ஆசிரியரின் பட்டப்பெயர் என்ன? சின்ன வயதில் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?

முதல் வாடிக்கையாளர் எதிர்க்கடைத் தையல் அக்கா. அவரிடம் கேள்விகளைப் படித்துக் காட்டியபோது, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "என்னைப் போய் இதெல்லாம் கேட்டா? எனக்கு ஏது நாயி, ஏது வாத்தியாரு? அம்மா முகமே தெரியாது. நாலு வீட்டுல மாறி மாறி வளர்ந்தவ நான். உங்களதையே போடுங்க தம்பி, நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?" செட்டிங் அண்ணன் தன்னுடையதையே போட்டார். குண்டூசி, அரைக்கண்ணாடி, தும்மலு. மறுநாள் வந்தவருக்கும் அதையே போட்டார். அதன் பிறகு யாரையும் கேட்பதை நிறுத்திவிட்டார். வசதியாகத்தான் இருந்தது. யாராவது கணக்கு திறக்கவில்லை என்று அலறிக்கொண்டு வந்தால் அரை நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவர் மீட்டுக் கொடுக்காத கணக்கு ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில் போடுவது ஆபத்தில்லையா என்று யாரோ ஒரு கல்லூரிப் பெண் கேட்டதற்கு, முக்காலியில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர்தான் பதில் சொன்னார். "நம்மகிட்ட திருடிட்டுப் போக என்னம்மா இருக்கு? என் போனைத் திறந்து பார்த்தா அவன்தான் அழுவான்." கடை முழுவதும் சிரித்தது.

தன் சொந்தக் கணக்குக்கு மட்டும் செட்டிங் அண்ணன் அந்தப் பதில்களைப் போடவில்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா? உண்மையான பதில் போட்டால் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். விசைப்பலகையின் நடு வரிசையில் விரலை ஓட்டினார். கபமத என்று விழுந்தது. மூன்று கேள்விக்கும் அதையே பதிலாகப் போட்டார். தெருவிலேயே பத்திரமான கணக்கு தன்னுடையதுதான் என்ற நிம்மதியோடு அன்று கடையை அடைத்தார்.

பதில்கள் எப்போது உண்மையாகத் தொடங்கின என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. லாரிக்கு முந்தைய வருடமே தையல் அக்காவின் வலது முழங்காலில் ஒரு தழும்பு வந்திருந்தது. நாயைத் துரத்திக்கொண்டு ஓடிக் கல்லில் விழுந்தது என்று அவருக்கே தெரிந்திருந்தது. லாரிக்குப் பிறகு பார்த்தால், அதே தழும்பு முந்நூற்றுப் பன்னிரண்டு வலது முழங்கால்களிலும் இருந்தது. முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஆறு வருடமாகக் கோர்ட்டுக்கு அலைந்த இரண்டு வீட்டுக்காரர்கள், இருவரும் அரைக்கண்ணாடி வாத்தியாரிடம் ஒரே நாளில் காதில் திருகு வாங்கியவர்கள் என்று தெரிந்ததும் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தொடங்கிய பள்ளிக்கூடக் கதையை இன்னொருவர் முடித்து வைத்தார்கள்.

கதை மூன்றாவது கேள்விக்கு வந்தபோதுதான் மாடிப்படியில் கூட்டம் சேர்ந்தது. கடைக்கு மேலே, முதல் மாடியில், செட்டிங் அண்ணனின் அம்மா இருந்தார். எழுபத்தொரு வயது. தொலைபேசி நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். அந்த நகரத்தின் காதலும் சாவும் பங்காளிச் சண்டையும் அவர் காது வழியாகத்தான் போயின. அவர் வாய் வழியாக ஒரு சொல்கூட வெளியே வந்ததில்லை. ஒருநாள் அவர் பால்கனியில் நின்று கீழே இருந்த மகனை, "தும்மலு, வெங்காயம் வாங்கிட்டு வாடா" என்று கூப்பிட்டார். தெருவில் போய்க்கொண்டிருந்த இருபத்தாறு பேர் நின்று, "இதோம்மா" என்றார்கள். மாலைக்குள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் வெங்காயம் சேர்ந்துவிட்டது.

அன்று மகனை எதிரில் உட்கார வைத்து அம்மா கேட்டார்.

"அந்தப் பேரை ஊருக்கெல்லாம் நீதான் குடுத்தியா?"

"ஒரு வசதிக்குத்தான்மா போட்டேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"உன் நாயைக் குடு, உன் வாத்தியாரைக் குடு, அது உன் இஷ்டம். நான் கூப்பிடுறது என் வாயில இருக்கிறதுடா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எத்தனை பேரோட பேச்சை இந்தக் காதுல வெச்சிருக்கேன், ஒண்ணை வித்திருப்பேனா?"

"நான் யார்கிட்டம்மா வித்தேன்? சும்மாதானே குடுத்தேன்!"

"வித்திருந்தாலாவது வாங்கினவன் யாருன்னு தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயத்தைப் பிரித்து அடுக்கப் போய்விட்டார்.

பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். சிலர் மருந்து வாங்கி வந்தார்கள், சிலர் மனைவியைப் பற்றிக் குறை சொன்னார்கள், அறுபத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் மடியில் தலைவைத்துப் படுக்கவேண்டும் என்று அடம்பிடித்தார். அம்மா முதலில் துடைப்பத்தை எடுத்தார். பிறகு வரிசையில் வரச் சொன்னார். அவருக்கும் மெல்ல மெல்ல அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இவனுக்கு அம்மை போட்டபோது கண்விழித்தது, இவளுக்குப் பல் விழுந்தது என்று வரிசையாகச் சொன்னார். தையல் அக்கா மட்டும் வரிசையில் நிற்க மாட்டார். எல்லோரும் போன பிறகு வந்து, ஒன்றும் கேட்காமல், அம்மாவின் கால் நகத்தை வெட்டிவிட்டுப் போவார்.

இந்தச் சந்தோஷத்துக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு தலைக்குள் ஒரு சின்ன வயதுதான் கொள்ளும் போலிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் காலை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்து, "நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அவரைப் பெற்று வளர்த்து, அவரோடு ஐம்பத்திரண்டு வருடம் அதே வீட்டில் இருந்த அம்மா அவர். அந்த வாரம் மட்டும் பதினேழு வீடுகளில் இது நடந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை என்று சிரித்தவர்களுக்கு, தொலைப்பதற்கு இவ்வளவு இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

செட்டிங் அண்ணனுக்கு நடந்தது வேறு. அவருடைய முழங்கால் தழும்பு மறைந்து தோல் வழுவழுப்பானது. நாய் எந்த நிறம் என்று மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. சின்ன வயதை நினைக்க முயன்றால் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் இரைச்சல் போல ஏதோ வந்தது. அம்மா அவரைக் கூப்பிட வாயைத் திறந்து, "டேய்... டேய்..." என்று தேடுவார். ஒருமுறை, "கபமத, தண்ணி கொண்டா" என்று வந்துவிட்டது. இருவருமே பயந்துபோனார்கள். வாய் கோணிக்கொண்டதோ என்று அம்மா கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். வாயில் ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகு நான்கு மாதம் அவர் மகனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. கடைசி மாதத்தில், "நீங்க" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடிதம் வந்தது. உங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர் என்று முதல் வரியில் இருந்தது. உங்கள் ரகசியப் பதில்களை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒன்பதாவது வரியில் இருந்தது. திருட்டுப் பட்டியலை எங்கெங்கோ இருப்பவர்கள் விலைக்கு வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அம்மாவின் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கார்டு எண்ணைக் கேட்டான். அம்மா, "ஏம்பா, குரல் ஏன் கம்மியிருக்கு?" என்றார். அவன் ஒருமுறை இருமிவிட்டு, "சளிம்மா. நீங்க யாருக்கும் நம்பர் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கடிதத்தின் கடைசியில் புது விதிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பதில்கள் இனி ஒரே கணக்கில்தான் இருக்கலாம். மாற்றாவிட்டால், முதலில் பதிந்தவருக்கு மட்டும் அவை நிலைக்கும். ஆறு மணிக்குப் பிறகு எவருடைய பதிலையும் எக்காலத்திலும் மாற்ற முடியாது.

அந்த வாரம் செட்டிங் அண்ணன் கடையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். கணினியில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளையும் கேட்டார், பதினோரு வருடம் தாமதமாக. யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரவர் வீட்டிலிருந்து யாராவது வந்து சொல்லவேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரரை அவருடைய அம்மாவே கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இந்தம்மா யாருண்ணே, ரெண்டு மாசமா எங்க வீட்டுலயே இருக்காங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எழுதிக்கோ தம்பி" என்றார் அந்த அம்மா. "பூனை, பேரு கவர்னர். வாத்தியார் பேரு மூக்குப்பொடி. நான் இவனைக் கூப்பிட்டது உருளை. பொறந்தப்பவே நாலரைக் கிலோ. என்னைப் பார்த்து யாருன்னு கேட்கிறான் பாரு, உருளை!"

செட்டிங் அண்ணன் கடைசி எழுத்தைத் தட்டியதும் மருந்துக்கடைக்காரர் முக்காலியிலிருந்து எழுந்து, "ஏம்மா, வெயில்ல எதுக்கு வந்தே?" என்று கேட்டார். அந்த அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு இன்னொன்று வைத்தார். இப்படியே அத்தைகளும் தம்பிகளும் பழைய பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து முந்நூற்றுப் பதினோரு பேரின் சின்ன வயதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முழங்கால் தழும்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாடிப்படி காலியானது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தையல் அக்கா வந்தார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமல், கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் பேசிக்கிறாங்க தம்பி. முதல்ல பதிஞ்சது நானாமே. நான் விட்டுக் குடுத்தாத்தான் உங்களுக்கு அம்மா கிடைப்பாங்களாமே."

"உங்களுக்கு யாராவது சொல்றதுக்கு இருக்காங்களாக்கா? அந்த நாலு வீட்டுல யாராவது?"

"மூணு வீடு இடிச்சாச்சு. நாலாவது வீட்டுல என்னை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தாம்பாங்க, அவ்வளவுதான்." அவர் கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். "அழிச்சிடுங்க. உங்க பொருள்தானே. இத்தனை நாள் வெச்சிருந்ததே பெரிசு."

செட்டிங் அண்ணன் அழித்தார். இதை மறைப்பதற்கில்லை. தையல் அக்காவின் கணக்கிலிருந்து மூன்று பதில்களையும் எடுத்தார், தன் கணக்கைத் திறந்து தன்னுடையதைத் தனக்கே எழுதிக்கொண்டார். அப்போது மணி நாலு பதினொன்று. முழங்காலில் சுரீரென்று ஒரு வலி வந்தது, தழும்பு வந்தது, மூக்கில் ஈர நாயின் வாசனை வந்தது. மாடியிலிருந்து குரல் வந்தது. "தும்மலு! என் மாத்திரைச் சீட்டை எங்கடா வெச்சே?"

அவர் எழுந்து ஓடினார். மூன்றாவது படியில் கால் வைத்தபோது பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினார். கத்தரிக்கோல் கீழே கிடந்தது. தையல் அக்கா அதைக் குனிந்து எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகளில் முப்பது வருட ஊசிக் குத்துகள் இருந்தன. அவை எதனால் வந்தன என்று கேட்பதற்குக்கூட அவருக்குத் தோன்றவில்லை. முகத்தில் பயம் இல்லை, வருத்தம் இல்லை. கண்கள் இரண்டும் வெறுமனே திறந்திருந்தன. அந்த வெறுமையை செட்டிங் அண்ணனுக்குத் தெரியும். நான்கு மாதமாக அதற்குள்தான் அவர் குடியிருந்தார்.

"தும்மலு, காது கேட்கலையாடா?" என்றது மாடி.

மூன்றாவது படியில் அவர் நான்கு நிமிடம் நின்றார். எதிர்ச்சாரியில் பழ வண்டிக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை சுவரிலுமாக, யாரோ இரண்டு பக்கமும் இழுப்பது போல நின்றார் என்று பிறகு சொன்னார். மேலே இருந்து மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு, "இதோம்மா" என்று ஒரே ஒரு தடவை சத்தமாகப் பதில் சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து, கணினியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் தையல் அக்காவின் கணக்கில் திரும்ப எழுதினார். அக்கா கத்தரிக்கோலைச் சரியான விரல்களில் மாட்டிக்கொண்டு, "என்ன தம்பி, அழிச்சாச்சா?" என்றார். "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குதுக்கா. ஏதோ கோளாறு. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அவர். தன் கணக்கில் எழுதுவதற்கு வேறொரு நாய் கிடைத்திருக்கும், வேறொரு வாத்தியாரும் கிடைத்திருப்பார். ஆனால் வேறொரு அம்மாவைக் கற்பனை செய்து எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில், ஆறு மணிக்குச் சற்று முன்னால், பழைய நான்கு எழுத்துகளையே போட்டுவிட்டார். மணி ஆறு அடித்தது.

அதற்கு அடுத்த மாதம் தையல் அக்கா மாடிக்குக் குடிவந்தார். அம்மாவுக்கு ஒரே பெண், சின்ன வயதில் ஓயாமல் தும்மியவள் என்று தெரு பேசிக்கொண்டது, யாரும் மறுத்துச் சொல்லவில்லை. செட்டிங் அண்ணன் கடையின் பின்பக்கத்து அறையில் படுத்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் இப்போதும் பெட்டியோடு வந்து, நீங்களே ஏதாவது போட்டு விடுங்கண்ணே என்றார்கள். அவர் முக்காலியைக் காட்டி, உட்கார்ந்து யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பாதிப் பேர் இவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று வேறு கடைக்குப் போனார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் மாடிக்குப் போய் அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். அம்மா அவருக்கு டீ கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்பார். ஒரு வருடம் கழிந்தது, இன்னொன்றும் கழிந்தது. சர்க்கரை போதுமா என்று அம்மா கேட்பது மட்டும் நிற்கவில்லை, அளவு அவருக்குப் பிடிபடவே இல்லை.

மூன்றாம் வருடம், பகலில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கென்று ஏதோ ஒரு புதுச் செயலி வந்தது. வீடு வீடாகப் போய்ப் பதிவதற்குக் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். அம்மாவிடம் பெயர், வயது, நோய் எல்லாம் கேட்டாள். அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்றதற்கு, "என் பொண்ணுதான், எதிர்க்கடையில இருக்கா" என்றார் அம்மா. எழுதி முடித்த அந்தப் பெண், வாசலில் மாத்திரைப் பையோடு காத்திருந்தவரைக் காட்டி, "இவரு உங்களுக்கு என்ன வேணும்மா? சேர்த்துக்கவா?" என்று கேட்டாள்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரா? கீழ்க்கடைத் தம்பி. ஒருநாள் தவறாம வந்து பார்த்துட்டுப் போவாரு. யாரு பெத்த பிள்ளையோ, அவங்க குடுத்து வெச்சவங்க."